பித்தளைத் தோட்டாக் கூடு: நெடுந்தூர இலக்குச் சுடுதலுக்குத் தயார் செய்வதும் வடிவம் மாற்றுவதும்

சுட்டபின் துப்பாக்கியின் போல்ட்டை (பின்பக்க அடைப்பை) இழுத்தால் வெளியே வந்து விழும் வெற்றுக் கூட்டுக்குத் தென்னாப்பிரிக்காவில் ஆப்பிரிகான்ஸ் சொல் ஒன்று உண்டு: 'டொப்பி'. குண்டும் மருந்தும் பிரைமரும் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) ஒரு முறையோடு தீர்ந்துவிடும். டொப்பி மட்டும் திரும்பத் திரும்ப வரும். நன்றாகப் பேணினால் பத்து முறைக்கு மேலும் உழைக்கும். ஆகவே உங்கள் கவனத்துக்கு முழுப் பலன் தருவது அதுதான். புளூம்ஃபான்டைனின் ஜெனரல் டி வெட் சுடுதளத்தில் 900 மீட்டரில் படுத்துச் சுடுபவருக்கு, கூட்டின் கழுத்து ஒன்று இறுக்கமாகவும் ஒன்று தளர்வாகவும் குண்டைப் பிடித்திருந்தால் அது இலக்குத் தாளில் மேலும் கீழுமாகத் தெரிந்துவிடும். 308 வின்செஸ்டர் தோட்டாவில் 155 கிரெய்ன் (சுமார் 10 கிராம்) குண்டின் வேகம் விநாடிக்கு 3 மீட்டர் மாறினாலே அந்தத் தூரத்தில் ஏறத்தாழ நாலு விரல் அகலம் உயரம் மாறும்.

இங்கே 308 வின்செஸ்டர் கூட்டை எடுத்துக்காட்டாக வைத்திருக்கிறோம். முழுத்துளை ரைஃபிள் போட்டியிலும் எஃப்-டிஆர் பிரிவிலும் (துப்பாக்கியை இருகால் தாங்கியில் வைத்துச் சுடும் போட்டி) புழங்குவது அது. பேசப்போவது கூட்டைப் பற்றி மட்டுமே. மருந்தின் அளவை மருந்து தயாரிப்பாளர் வெளியிடும் அட்டவணையிலிருந்து மட்டும் எடுங்கள்.

முதலில் சட்டம். 2000-ஆம் ஆண்டின் 60-ஆம் எண் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, உங்கள் பெயரில் உரிமம் உள்ள துப்பாக்கிக்கு மட்டுமே நீங்கள் தோட்டா நிரப்பலாம். சாதாரண உரிமதாரர் ஒரு துப்பாக்கிக்கு 200 தோட்டா வரையும், பிரைமர் 2,400 வரையும் வைத்திருக்கலாம். அங்கீகரிக்கப்பட்ட சங்கத்தில் பதிவு பெற்ற விளையாட்டு வீரருக்கு 200 என்ற வரம்பு பொருந்தாது. சங்கத்தில் சேர்ந்து, அனுபவப்பட்டவர் பக்கத்தில் உட்கார்ந்து முதல் ஐம்பது கூட்டைச் செய்வது நல்லது. படித்து மட்டும் கற்கும் வேலை இல்லை இது.

ஒரே கூட்டில் இரண்டு பதம்

கூடு 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்த பித்தளை. இந்தக் கலவையை உலோகக் கடைக்காரர்கள் தோட்டாப் பித்தளை என்றே அழைப்பார்கள். பித்தளையை அடித்தால், வளைத்தால், நசுக்கினால் இறுகும். காய்ச்சினால் இளகும். எஃகைப் போலக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்து இறுக்க முடியாது. பித்தளை தண்ணீரில் தோய்ந்தாலும் இளகியபடியேதான் இருக்கும். அடித்தால் மட்டுமே திரும்ப இறுகும்.

வெடிக்கும்போது கழுத்தும் தோளும் (கழுத்துக்குக் கீழே சரியும் பகுதி) விரிந்து, தோட்டா உட்காரும் அறையான சேம்பரின் சுவரில் ஒட்டி, வாயு பின்னால் கசியாமல் அடைக்க வேண்டும். அதற்கு அந்த இடம் மென்மையாக இருக்க வேண்டும். கூட்டின் அடிப்பாகம் விரியக்கூடாது. பிரைமர் குழியையும் விளிம்பையும் தாங்கி நிற்பதால் அது கடினமாக இருந்தே ஆக வேண்டும். கழுத்து மென்மை, அடி கடினம்: இந்த இரண்டு பதமும் கலையாமல் வேலை செய்வதுதான் கீழே வரும் எல்லாப் படிகளின் நோக்கமும். கழுத்தில் செய்யும் தவறு ஒரு புள்ளியை இழக்க வைக்கும். அடியில் செய்யும் தவறு கண்ணை இழக்க வைக்கும்.

தேர்வும் பிரிப்பும்

ஒரே தயாரிப்பு, ஒரே லாட் எண் கொண்ட 100 கூடுகளை வாங்குங்கள். சுடுதளத்தில் பொறுக்கிய கலவைக் கூடுகள் பயிற்சிக்குப் போதும், போட்டிக்கு ஆகாது. ராணுவ உபரிக் கூடுகளின் சுவர் பெரும்பாலும் தடித்திருக்கும். உள்ளே இடம் குறையும், அதே மருந்துக்கு அழுத்தம் கூடும். உள்ளே எட்டிப் பார்த்து அடியில் ஒரு துளைக்குப் பதில் இரண்டு சிறு துளைகள் தெரிந்தால் அது பெர்டன் வகை. வழக்கமான ஊசியால் பிரைமர் கழற்ற முடியாது, ஊசிதான் உடையும். ஒதுக்கிவிடுங்கள்.

ஒவ்வொன்றையும் எடை போடுங்கள். தரமான 308 கூடு சுமார் 11 கிராம் வரும். நூறில் நடு எடையிலிருந்து ஒரு சதவீதத்துக்கு மேல், அதாவது 0.11 கிராமுக்கு மேல் விலகுபவற்றைத் துப்பாக்கியைச் சீர் பார்க்கும் சுடுதலுக்கு ஒதுக்குங்கள். எடை ஒரு குறிப்பு மட்டுமே. உண்மையில் வேண்டியது உட்கொள்ளளவு. சுட்ட கூட்டில் பழைய பிரைமர் அப்படியே இருக்க, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி, வாயில் குமிழோ குழிவோ இல்லாமல் மட்டமாக்கி, எடை வித்தியாசம் பாருங்கள். 308-க்கு அது 3.6 கிராம் அளவில் இருக்கும். பத்துக் கூடுகளில் இதைச் செய்தால் அந்த லாட்டின் குணம் தெரிந்துவிடும். நூறுக்கும் செய்யத் தேவையில்லை.

கழுவுதல்

பிரைமரைக் கழற்றியபிறகு கழுவினால்தான் குழிக்குள் உள்ள கரியும் போகும். கழற்றும்போது கண்ணாடி அணியுங்கள். வெடிக்காத பிரைமர் ஒன்று தப்பி உள்ளே இருக்கலாம். ஒரு எச்சரிக்கை: 308-இல் சிறு பிரைமர் வகைக் கூடுகளில் தீத்துளை (பிரைமரின் தீ உள்ளே போகும் துளை) 1.5 மி.மீ மட்டுமே. வழக்கமான கூட்டில் 2 மி.மீ. பெரிய ஊசியைச் சிறிய துளையில் அழுத்தினால் ஊசி உடையும், அல்லது துளை கிழியும்.

வீட்டில் குத்துவிளக்கைப் புளியும் உப்பும் போட்டுத் தேய்ப்பது நம் பழக்கம். விளக்குக்குச் சரி, கூட்டுக்கு வேண்டாம். புளிப்பும் உப்பும் சேர்ந்து மேற்பரப்பிலிருந்து துத்தநாகத்தை உரித்தெடுக்கும். செம்பு மட்டும் மிஞ்சி இளஞ்சிவப்பாகத் தெரியும். கூட்டுக்கு ஒரு லிட்டர் வெந்நீரில் 5 கிராம் சிட்ரிக் அமிலமும் பாத்திரம் கழுவும் திரவம் சில துளிகளும் போதும். பத்து நிமிடம் ஊறவைத்து, ஓடும் நீரில் மூன்று முறை அலசுங்கள். இளஞ்சிவப்புத் தட்டினால் நேரம் அதிகமாகிவிட்டது என்று பொருள்.

அம்மோனியா கலந்த உலோகப் பாலிஷ் கூட்டின் அருகிலேயே வரக்கூடாது. இதற்குப் பின்னால் நம் மழைக்காலம் இருக்கிறது. பிரிட்டிஷ் இந்தியாவில் படையினர் பருவமழையில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்தார்கள். மழை விட்டுப் பார்த்தபோது தொடாத தோட்டாக்களிலும் கழுத்துப் பக்கம் வெடிப்பு விட்டிருந்தது. பருவத்தோடு வந்ததால் பருவ வெடிப்பு என்றே பெயர் வைத்தார்கள். காரணம் 1921-இல் விளக்கப்பட்டது. குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியா, ஈரக்காற்று, இழுத்து உருவாக்கியதால் பித்தளைக்குள் தங்கிய இறுக்கம் மூன்றும் சேர்ந்த விளைவு அது. டர்பனில் உங்கள் வீட்டில் லாயம் இல்லை. ஆனால் கடற்காற்றின் ஈரம் இருக்கிறது, கராஜில் புல்வெளிக்குப் போடும் லான் உரமூட்டை இருக்கிறது, அம்மோனியா கலந்த தரை கழுவும் திரவம் இருக்கிறது. கூடுகளை அவற்றோடு ஒரே அலமாரியில் வைக்காதீர்கள்.

இன்னொன்று. பிரைமர் கரியில் ஈயம் உண்டு. சமையலறைப் பாத்திரம், சமையல் அடுப்பு எதையும் இந்த வேலைக்குத் தொடாதீர்கள். உலர்ந்த துகள்களோடு உருட்டிச் சுத்தம் செய்தால் எழும் தூசியையும் சுவாசிக்காதீர்கள். குழந்தைகள் நடமாடும் வீடானால் ஈர முறைதான் நல்லது.

காய்ச்சிப் பதம் இறக்குதல்

ஒவ்வொரு முறை சுடும்போதும் கழுத்து விரிகிறது, டையில் (கூட்டை அளவுக்கு ஒடுக்கும் அச்சு) திரும்ப ஒடுங்குகிறது. நாலைந்து சுற்றில் இறுகிப்போய், அழுத்தினாலும் வில்போலப் பின்வாங்கும். கூட்டுக்குக் கூடு அது மாறுவதால் குண்டைப் பிடிக்கும் பிடியும் மாறும். கடைசியில் கழுத்து நீளவாக்கில் விண்டுவிடும். இதற்குத் தீர்வு அனீலிங், அதாவது காய்ச்சி இளக்குவது. ஒவ்வொரு சுற்றிலும் செய்பவர்களும் உண்டு, மூன்று சுற்றுக்கு ஒரு முறை செய்பவர்களும் உண்டு. எப்போது செய்தாலும் நூறு கூட்டுக்கும் ஒரே சுற்றில் செய்வதுதான் முக்கியம்.

பெரிய இயந்திரம் இல்லாமலும் செய்யலாம். வேண்டியவை: பியூட்டேன் டார்ச், கூடு தளர்வாக உட்காரும் ஆழமான சாக்கெட், வேகம் குறைக்கக்கூடிய கம்பியில்லா டிரில், வெப்பம் காட்டும் பூச்சு இரண்டு வகை: 400 டிகிரி செல்சியஸில் உருகுவது ஒன்று, 246 டிகிரியில் உருகுவது ஒன்று. கூடு ஈரமில்லாமல், பிரைமர் இல்லாமல் இருக்க வேண்டும். அறையில் மருந்து டப்பா எதுவும் இருக்கக்கூடாது. ஜன்னல் திறந்திருக்கட்டும், துத்தநாகப் புகை நல்லதல்ல.

ஒதுக்கிய கூடுகளில் மூன்றை எடுத்து நேரம் பிடியுங்கள். கழுத்தின் உள்ளே 400 டிகிரிப் பூச்சு, தோளுக்குக் கீழே சுமார் 6 மி.மீ தள்ளி உடலில் 246 டிகிரிப் பூச்சு. டிரில் மெதுவாகச் சுழல, நீலச் சுடரின் நுனி கழுத்தும் தோளும் சேரும் இடத்தில் படட்டும். உள்பூச்சு உருகும் கணத்தில் எண்ணுவதை நிறுத்துங்கள். பெரும்பாலும் 5 முதல் 8 விநாடிக்குள் வரும். அதற்குள் உடலில் உள்ள பூச்சு உருகியிருந்தால் சுடர் பலவீனமாக இருந்து, வேலை நீண்டு, வெப்பம் கீழே இறங்கியிருக்கிறது. சுடரைக் கூட்டி நேரத்தைக் குறையுங்கள். நேரம் அமைந்ததும் மெட்ரோனோம் செயலியைப் போட்டுக்கொண்டு நூறையும் அதே எண்ணிக்கையில் முடியுங்கள். காய்ச்சிய கூட்டைத் தண்ணீரில் போட்டாலும் போடாவிட்டாலும் பதத்தில் வித்தியாசம் இல்லை. வெப்பம் கீழே நடக்காமல் நிற்கும், கையும் சுடாது, அவ்வளவே.

மங்கிய வெளிச்சத்தில் பார்த்தால் கழுத்து மிக இலேசாகச் சிவக்கத் தொடங்கும் இடம் ஒன்று வரும். அதுதான் எல்லை. ஆரஞ்சாக ஒளிர்ந்தாலோ, சுடரே நிறம் மாறி மஞ்சளாகப் படபடத்தாலோ வெப்பம் எல்லை மீறிவிட்டது. அந்தக் கழுத்தை விரல்களால் மெல்ல நசுக்கினால் மெழுகுபோல அமுங்கி அப்படியே நிற்கும். சரியான பதத்தில் உள்ளது சிறிது அமுங்கி, விட்டதும் முழுதாக நிமிரும்.

அடிப்பாகம் சூடேறிய கூட்டை மீட்க வழி இல்லை. டிரில் நின்றுபோய், அல்லது கை தவறி, சுடர் கீழே பட்டுவிட்டது என்ற சந்தேகம் வந்தாலே இடுக்கியால் நசுக்கிப் பழைய பித்தளையோடு போடுங்கள். பார்வைக்கு அது நல்ல கூடுபோலவே இருக்கும், அதனால்தான் நசுக்கச் சொல்கிறோம். மென்மையான அடி அழுத்தத்தைத் தாங்காமல் பிளந்தால் சூடான வாயு உங்கள் முகத்தை நோக்கித்தான் வரும்.

டையில் அழுத்துதல்

எண்ணெய் முதலில். லானோலின் ஒரு பங்கு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் பத்துப் பன்னிரண்டு பங்கு கலந்து தெளித்து, கூடுகளை உருட்டி, ஆல்கஹால் ஆவியாகும்வரை ஐந்து நிமிடம் விடுங்கள். குறைந்தால் கூடு டையில் சிக்கிக்கொள்ளும், விளிம்பு கிழியும். கூடினால் தோளில் எண்ணெய் தேங்கிப் பள்ளம் விழும். சிறு பள்ளம் அடுத்த முறை சுடும்போது நிமிர்ந்துவிடும், ஆனால் அது அளவுக்கு மீறிய எண்ணெயின் அடையாளம்.

தோளை எவ்வளவு பின்தள்ளுவது என்பதில்தான் பெரும்பாலானோர் தடுக்கி விழுகிறார்கள். டையோடு வரும் காகிதம் ஷெல் ஹோல்டரில் (கூட்டின் அடியைப் பிடிக்கும் பிடி) முட்டும்வரை திருகச் சொல்லும். அப்படிச் செய்தால் உங்கள் சேம்பருக்குத் தேவையானதைவிட அதிகமாகத் தோள் இறங்கிவிடலாம். வேண்டியது 0.025 முதல் 0.05 மி.மீ பின்வாங்கல் மட்டுமே. கடைகளில் ஒன்று முதல் இரண்டு தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்பார்கள்.

உங்கள் ரைஃபிளில் சுட்ட கூட்டின் பிரைமரைக் கழற்றிவிட்டு, கேலிப்பரில் கம்பேரட்டர் (தோளைத் தொட்டு அளக்க உதவும் இணைப்பு) மாட்டித் தோள் அளவை எடுங்கள். பிரைமர் துருத்தியிருந்தால் அளவு பொய் சொல்லும். டையை ஷெல் ஹோல்டரிலிருந்து கால் சுற்று மேலே நிறுத்தித் தொடங்குங்கள். முதல் சில அழுத்தில் அளவு குறையாமல் கூடும். உடல் ஒடுங்கும்போது பித்தளை முன்னால் தள்ளப்படுவதால் அப்படி, பயப்பட வேண்டாம். டையை மெல்ல இறக்கிக்கொண்டே வந்தால் அளவு திரும்பி, சுட்ட அளவுக்கு வந்து, அதற்கும் கீழே போகும். டையின் மரை அங்குலத்துக்கு 14. ஒரு முழுச் சுற்று 1.81 மி.மீ என்றால் 10 டிகிரித் திருப்பல் 0.05 மி.மீ. ஆகவே கடைசியில் ஒரு நகக்கண் அளவு மட்டுமே திருப்ப வேண்டும். வந்ததும் பூட்டு வளையத்தை இறுக்கி, டையில் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள்.

தோளை அதிகம் தள்ளினால், சுடும்போது கூடு முன்னால் தாவி, அடிக்கு மேலே சுமார் ஒரு சென்டிமீட்டரில் சுவர் இழுபட்டு மெலியும். நாலைந்து சுற்றில் அங்கே பளபளப்பான வளையம் தெரியும். காகித கிளிப் கம்பியை நிமிர்த்தி நுனியை வளைத்து உள்ளே விட்டு, அடியிலிருந்து மேலே சுவரைத் தடவி இழுங்கள். நகம் பள்ளத்தில் மாட்டுவதுபோல் தட்டினால் அந்தக் கூட்டின் ஆயுள் முடிந்தது.

கழுத்துக்கு புஷிங் டை (கழுத்தை ஒடுக்கும் வளையத்தை மாற்றக்கூடிய டை) நல்லது. தோட்டா நிரப்பிய நிலையில் கழுத்தின் வெளிவிட்டத்தை அளந்து, அதில் 0.05 மி.மீ குறைத்து புஷிங்கைத் தேர்ந்தெடுங்கள். கழுத்துச் சுவர் 0.38 மி.மீ, குண்டு 7.82 மி.மீ என்றால் நிரப்பிய கழுத்து 8.58. புஷிங் 8.53. பிறகு 7.77 மி.மீ மான்ட்ரலை (வழவழப்பான உருளைக் கம்பி) உள்ளே ஓட்டினால் சுவரின் ஏற்றத்தாழ்வு வெளியே தள்ளப்பட்டு, குண்டைத் தொடும் உள்பக்கம் ஒரே சீராகிவிடும்.

வேலை முடிந்ததும் எண்ணெயை முழுக்கத் துடையுங்கள். எண்ணெய்க் கூடு சேம்பர் சுவரைப் பிடிக்காமல் வழுக்கி, அழுத்தம் முழுவதையும் போல்ட்டின் மேல் ஏற்றும்.

நீளம், வாய், குழி

டையில் அழுத்தியபின்தான் நீளம் பாருங்கள், கூடு நீள்வது அப்போதுதான். 308-இன் உச்ச நீளம் 51.18 மி.மீ. அதைத் தாண்டினால் வாய் சேம்பர் முனையில் முட்டி, குண்டை நெருக்கிப் பிடித்து, அழுத்தம் எகிறும். 50.93-க்கு எல்லாவற்றையும் சீவுங்கள். உள்விளிம்பைக் கையால் இரண்டு மூன்று சுற்று சாய்த்துச் சீவினால் போதும். கத்தி முனைபோல் மெலிந்தால் விண்டுவிடும்.

பெரிய ரைஃபிள் பிரைமர் குழியின் ஆழம் 3.18 முதல் 3.35 மி.மீ. யூனிஃபார்மரால் (குழியைச் சீவும் கருவி) ஒரு முறை சமன் செய்தால் போதும், அடுத்தடுத்த சுற்றில் கரியை மட்டும் எடுங்கள். பிரைமர் அடிக்குக் கீழே 0.05 முதல் 0.13 மி.மீ உள்வாங்கி உட்கார வேண்டும். விரலால் தடவினால் பள்ளம் தெரியும். துருத்தினால் சுடாமல் போகும், அதைவிட மோசம், போல்ட் மூடும்போதே வெடிக்கலாம். எதிர்ப்பே இல்லாமல் பிரைமர் வழுக்கிப் போகும் கூட்டின் குழி விரிந்துவிட்டது, அதை விடுங்கள். தீத்துளையின் உள்பிசிறை ஒரே ஒரு முறை நீக்கினால் ஆயுள் முழுக்கப் போதும்.

வடிவம் மாற்றுதல்: 308-இலிருந்து 7 மி.மீ-08

7 மி.மீ-08 ரெமிங்டன் 308-இன் கழுத்தை ஒடுக்கிப் பிறந்தது. நல்ல 308 கூடு கையில் இருந்தால் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் ஒரு கணக்கை முதலில் போடுங்கள், இதைப் போடாமல் இறங்குவதுதான் ஆபத்து.

308 கழுத்தின் சுவர் 0.38 மி.மீ. 7 மி.மீ குண்டின் விட்டம் 7.21. கழுத்து சிறுத்தால் பித்தளை எங்கும் போகாது, சுவரில்தான் சேரும். சராசரி விட்டம் 8.20-இலிருந்து 7.62-க்கு இறங்கும்போது சுவர் சுமார் 0.41 ஆகும். நிரப்பிய கழுத்து 7.21 கூட்டல் 0.82, அதாவது 8.03 மி.மீ. 7 மி.மீ-08 தோட்டாவின் கழுத்துக்கு விதிக்கப்பட்ட உச்சம் 8.00. குண்டை விடுவிக்கக் கழுத்து விரிய இடமில்லை. போல்ட் சற்றே இறுக்கமாக மூடியதாகத்தான் கைக்குத் தெரியும், அழுத்தமோ எங்கேயோ போயிருக்கும்.

ஆகவே வரிசை இது. சுட்ட கூடானால் முதலில் அனீலிங். உடலுக்கு எண்ணெய், கழுத்தின் உள்ளே மட்டும் கொஞ்சம் கிராஃபைட் தூள். 7 மி.மீ-08 முழுநீள டையில் மெதுவாக, ஒரே சீராக இறக்குங்கள். கழுத்து மடிந்தால் ஒன்று பித்தளை இறுகியிருக்கிறது, அல்லது எண்ணெய் போதவில்லை. 6 மி.மீ வரை போவதானால் ஒரே தாவலில் போகாமல் நடுவே 7 மி.மீ-08 டையில் ஒரு நிறுத்தம் வேண்டும். பிறகு மான்ட்ரல், அதன்பின் கழுத்தைக் கடைதல். சுவர் 0.36 மி.மீ வரை கடைந்தால் நிரப்பிய கழுத்து 7.93 ஆகும். உங்கள் சேம்பரின் கழுத்து எவ்வளவு என்பதைத் துப்பாக்கிக் கொல்லரின் ரீமர் (சேம்பரைக் குடையும் கருவி) வரைபடத்திலோ, சேம்பரில் உருகு உலோகம் ஊற்றி எடுத்த அச்சிலோ பாருங்கள். இரண்டுக்கும் நடுவே குறைந்தது 0.05 மி.மீ இடைவெளி வேண்டும்.

கடையும் கத்தி தோளை ஒரு மயிரிழை தொட்டு நிற்கட்டும். தொடாமல் விட்டால், தோளிலிருந்து கழுத்துக்கு வந்த தடித்த பித்தளை உள்ளே வளையமாக நிற்கும். குண்டின் அடி அந்த வளையத்துக்குள் போனால் பிடி தாறுமாறாகும். ஆழமாகக் கடைந்தால் அந்த மூலையிலேயே கழுத்து அறுந்துவிடும். ஊசிமுனை மைக்ரோமீட்டரால் நாலு இடத்தில் அளந்து 0.01 மி.மீ-க்குள் இருந்தால் வேலை நன்று.

மாற்றிய கூடு 7 மி.மீ-08-இன் வழக்கமான நீளத்தைவிடக் கொஞ்சம் குட்டையாக நிற்கும். அதனால் கெடுதல் இல்லை, எல்லாம் ஒரே நீளமாக இருந்தால் சரி. ஆனால் அடியில் இன்னும் 308 என்றே அச்சு இருக்கும். வேறு நிறப் பெட்டி, பெட்டியின் மேல் பெரிய எழுத்து, கூட்டின் அடியில் மார்க்கர் வளையம் மூன்றையும் செய்யுங்கள். 308 ரைஃபிளும் 7 மி.மீ-08 ரைஃபிளும் உள்ள வீட்டில் இரண்டையும் ஒரே நாளில் சுடுதளத்துக்குக் கொண்டுபோகாதீர்கள்.

ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு அட்டை வையுங்கள்: லாட் எண், எத்தனை முறை சுட்டது, கடைசி அனீலிங் எந்தச் சுற்றில், தோள் அளவு, சீவிய நீளம். பெட்டியில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் ஒன்று. நூறில் ஒரு கூட்டின் கழுத்து விண்டால் மற்றவற்றின் கழுத்தை உருப்பெருக்கியில் பாருங்கள். மூன்று விண்டால், அல்லது ஒன்றில் அடிவளையம் தட்டுப்பட்டால், அந்தப் பெட்டி முழுவதையும் நசுக்கிப் பழைய பித்தளைக்குப் போடுங்கள்.